ஏஏ-டியா, லிபரல் ஆர்ட்ஸா, நேரே யூசியா? கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் கலைப் படிப்பைத் திட்டமிடுவது

கம்யூனிட்டி காலேஜ் விண்ணப்பத்தில் மேஜர், அதாவது முக்கியப் பாடம், என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். இலக்கியம், வரலாறு, தத்துவம், ஓவியம் என்று ஏதோ ஒரு பக்கம் மனம் சாய்ந்திருக்கும் பிள்ளைகள் பலர் அந்த இடத்தில் 'லிபரல் ஆர்ட்ஸ்: ஆர்ட்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ்' என்று இருப்பதைப் பார்த்ததும் அதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பெயரிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. இப்போதே எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. வீட்டில் கேட்டாலும் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து யுனிவர்சிட்டிக்கு மாறும் நேரத்தில்தான் அந்தப் பட்டம் எந்தக் கதவைத் திறக்கும், எதைத் திறக்காது என்று தெரியவருகிறது.

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு பாட கிரெடிட்டுக்கு, 46 டாலர். அறுபது யூனிட் முடிக்க 2,760 டாலர். புத்தகம், பெட்ரோல் எல்லாம் தனி. முதல் முறை காலேஜ் சேர்ந்து முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வருடம் இந்தக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யும் காலேஜ்கள் நிறைய. சிஎஸ்யூ எனப்படும் கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில், அதாவது சான் ஹோசே ஸ்டேட், ஈஸ்ட் பே, சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் மாதிரி இடங்களில், 2025-26க்கு வருடக் கல்விக் கட்டணம் மட்டும் 6,450 டாலர். யூசியில், அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவில், 15,000க்குப் பக்கம். பெர்க்லியோ யூசிஎல்ஏயோ, கடைசியில் பட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அதுதான் கணக்கு. முதல் இரண்டு வருடம் எங்கே படித்தார் என்று அதில் எழுதமாட்டார்கள். ஆகவே கம்யூனிட்டி காலேஜ் போகலாமா என்பதை நான் இங்கே வாதிடப் போவதில்லை. போவது என்று முடிவாகிவிட்டது, கலைப் பாடம்தான் என்பதும் முடிவாகிவிட்டது. அதற்கு மேல் எந்த வழி என்பதுதான் கேள்வி.

வழிகள் மூன்று. முதலாவது, ஏஏ-டி எனப்படும் டிரான்ஸ்ஃபர் பட்டம். ஆங்கிலம், வரலாறு, தத்துவம், கலை வரலாறு, ஸ்டுடியோ ஆர்ட்ஸ், நாடகம், இசை, கம்யூனிகேஷன் என்று ஒரு குறிப்பிட்ட பாடத்தில் வாங்குவது. இரண்டாவது, அந்தந்தக் காலேஜ் தானாகத் தரும் உள்ளூர் ஏஏ. மேலே சொன்ன லிபரல் ஆர்ட்ஸ் இந்த வகைதான். மூன்றாவது, அசோசியேட் பட்டம் எனப்படும் இந்த இரண்டு வருடப் பட்டத்தைப் பற்றியே கவலைப்படாமல், போக நினைக்கும் யூசி துறை என்ன கேட்கிறதோ அதை மட்டும் முடித்துவிட்டு மாறுவது. யூசிக்கு மாற அசோசியேட் பட்டம் அவசியமே இல்லை. இது நம் வீடுகளில் பலருக்குத் தெரிவதில்லை. 'டிகிரி முடிக்காம எப்படி அடுத்த காலேஜ்?' என்று பெற்றோர் பதறுவது நியாயம்தான். நாமெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பி.ஏ. வரலாறு என்று சேர்ந்தால் மூன்று வருடமும் வரலாறு என்று பழகியவர்கள். இங்கே வரலாற்று மாணவி உயிரியல் லேபும் புள்ளியியலும் எடுத்தாக வேண்டும் என்பதே நமக்குப் புதிது.

ஏஏ-டி தரும் உத்தரவாதம்

2010-ல் வந்த எஸ்பி 1440 என்ற சட்டத்தின் வழியாக வந்தது ஏஏ-டி. அறுபது செமஸ்டர் யூனிட், குறைந்தது 2.0 ஜிபிஏ (மதிப்பெண் சராசரி). இதை முடித்தால் சிஎஸ்யூ அமைப்புக்குள் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி. அங்கே போனதும் மூன்றாம் ஆண்டு மாணவராகச் சேரலாம். அதே பாடத்திலோ, அதற்கு நெருக்கமானது என்று அந்த வளாகம் ஏற்றுக்கொண்ட பாடத்திலோ தொடர்ந்தால், மேற்கொண்டு அறுபது யூனிட்டுக்கு மேல் உங்களிடம் கேட்கக்கூடாது. மொத்தம் 120-ல் பி.ஏ. முடிந்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதிக்குத்தான் ஏஏ-டியில் மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன். இட உத்தரவாதத்தை விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள், ஆனால் பணத்தை மிச்சப்படுத்துவது இந்த அறுபது யூனிட் எல்லைதான்.

இட உத்தரவாதத்தில் ஒரு நெருடல் உண்டு. 'ஏதாவது ஒரு வளாகம்' என்றால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளாகம் என்று பொருள் இல்லை. சான் ஹோசே ஸ்டேட் போன்ற நெரிசலான இடங்களில் ஏஏ-டி வைத்திருப்பது முன்னுரிமை தரும், சீட்டு தராது. வீட்டிலிருந்து போய்வந்து படிப்பதுதான் திட்டம் என்றால் அருகில் இருக்கும் இரண்டு வளாகங்களுக்காவது விண்ணப்பித்து வையுங்கள்.

ஏஏ-டியின் உள்ளடக்கம் மாநிலம் முழுக்க ஒரே அச்சில் இருக்கும். ஆங்கில ஏஏ-டி என்றால் விமர்சனச் சிந்தனையும் எழுத்தும், இலக்கிய அறிமுகம், அப்புறம் பிரிட்டிஷ், அமெரிக்க, உலக இலக்கிய சர்வே (பரந்த அறிமுக) வகுப்புகளிலிருந்து சில, மேலே ஒன்றிரண்டு விருப்பப் பாடம். மொத்தம் 18 யூனிட் அளவு. வரலாறு என்றால் அமெரிக்க வரலாறு இரண்டு பாகம், உலக வரலாறோ மேற்கத்திய நாகரிகமோ இரண்டு பாகம், மீதி விருப்பம். பாதியில் ஒரு காலேஜிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் இந்த ஒரே அச்சு காப்பாற்றும்.

லிபரல் ஆர்ட்ஸ் யாருக்கு

உள்ளூர் ஏஏவும் அறுபது யூனிட்தான். அதில் 18 யூனிட்டாவது ஒரு பகுதியில் இருக்க வேண்டும். கலை-ஹியூமானிட்டீஸ் பகுதி என்றால் நாடகத்தில் ஒன்று, திரைப்பட ரசனையில் ஒன்று, தத்துவத்தில் ஒன்று, ஸ்பானிஷ் ஒன்று, மட்பாண்டம் ஒன்று என்று எடுத்தாலும் பட்டம் வந்துவிடும். மாணவருக்கு இது இனிக்கும். சிக்கல் அங்கேதான். ஆங்கிலத் துறைக்கு மாறும்போது சர்வே வகுப்பு கையில் இருக்காது. கலை வரலாற்றுக்கு மாறினால் கலை வரலாறு ஒரே ஒரு வகுப்புதான் இருக்கும். போன இடத்தில் கீழ்நிலை வகுப்புகளை மறுபடி எடுக்க வேண்டிவரும், அதுவும் கம்யூனிட்டி காலேஜில் 138 டாலருக்கு முடிந்திருக்கக்கூடிய மூன்று யூனிட்டை யுனிவர்சிட்டி விலையில். ஏஏ-டிக்கு இருக்கிற அறுபது யூனிட் எல்லை உள்ளூர் ஏஏவுக்குக் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக அது வீண் என்று சொல்லமாட்டேன். வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிப்பவர், நான்காண்டுப் பட்டம் வரை போவோமா என்று தெரியாதவர், கையில் ஒரு பட்டம் இருந்தால் அலுவலகத்தில் ஒரு படி ஏறலாம் என்று நினைப்பவர் ஆகியோருக்கு இது பொருத்தம். பத்து வருடத்துக்கு முன் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாங்கிய யூனிட்களை ஒன்றுசேர்த்து முடித்துக்கொள்ள நினைக்கும் அம்மாக்களுக்கும்தான். பதினெட்டு வயதில், முழுநேரமாக, மாறுவதே குறியாக இருக்கும் பிள்ளைக்கு இதை நான் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சிஎஸ்யூவில் 'லிபரல் ஸ்டடீஸ்' என்று ஒரு மேஜர் பார்ப்பீர்கள். அது பெரும்பாலும் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆகப் போகிறவர்களுக்கானது. அதற்குத் தோதான ஏஏ-டி தனியாக இருக்கிறது. லிபரல் ஆர்ட்ஸ் ஏஏ அதற்கு முன்படி என்று நினைத்து எடுத்துவிட வேண்டாம்.

யூசியை முன்வைத்துப் போவது

யூசிக்கு ஏஏ-டி உத்தரவாதம் எதுவும் தராது. யூசிஎல்ஏவில் சில மேஜர்களுக்கு மட்டும் முன்னுரிமை தரும் சோதனைத் திட்டத்துக்கு 2023-ல் ஒரு சட்டம் வந்தது, அவ்வளவுதான். யூசி பார்ப்பது வேறு: அறுபது யூசி யூனிட், ஏழு வகுப்பு அடிப்படை வரிசை (ஆங்கில எழுத்து இரண்டு, கணிதம் ஒன்று, மீதி நான்கு வேறு துறைகளில்), மேஜருக்கான முன்வகுப்புகள், ஜிபிஏ.

ஆறு வளாகங்களில் டேக் (டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி) என்ற ஏற்பாடு உண்டு: டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். அவர்கள் சொல்லும் ஜிபிஏவும் வகுப்புகளும் இருந்தால் இடம் எழுத்து மூலம் உறுதி. அதுவும் நீங்கள் குறிப்பிட்ட வளாகத்தில், நீங்கள் குறிப்பிட்ட மேஜரில். சிஎஸ்யூவின் 'ஏதாவது ஒரு வளாகம்' உத்தரவாதத்தைவிட இது திட்டவட்டமானது. ஆனால் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் இதில் இல்லை. மேடைக் கலை, இசை மாதிரி ஆடிஷன் கேட்கும் மேஜர்கள் சில வளாகங்களில் டேக்கில் சேராது. நடனத்துக்கோ ஓவியத்துக்கோ போகிறவர்கள் போர்ட்ஃபோலியோ, ஆடிஷன் தேதிகளைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

டேக்கின் தேதிதான் பலரைக் கவிழ்க்கிறது. செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டும். இரண்டு வருடத்தில் மாற நினைக்கும் பிள்ளைக்கு அது இரண்டாம் ஆண்டின் முதல் மாதம். அந்த நேரத்தில் முப்பது யூனிட்டாவது முடிந்திருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்கிறார்கள். அதாவது முதல் ஆண்டு என்ன படித்தோமோ அதுதான் காட்டக் கையிலிருக்கும். 'முதல் வருஷம் சும்மா பொதுப்பாடம் எடுத்துட்டு, அப்புறம் மேஜரைப் பத்தி யோசிக்கலாம்' என்பவர்கள் யோசிக்கத் தொடங்கும் முன்பே செப்டம்பர் போய்விடும்.

யூசிஎல்ஏ மேல் கண் இருந்தால் உங்கள் காலேஜில் ஆனர்ஸ் திட்டம் இருக்கிறதா, அது யூசிஎல்ஏவின் டேப் (டிரான்ஸ்ஃபர் அலையன்ஸ் புரோகிராம்) கூட்டணியில் சேர்ந்ததா என்று முதல் செமஸ்டரிலேயே விசாரியுங்கள். அதை முடித்தவர்களுக்கு அங்கே லெட்டர்ஸ் அண்ட் சயன்ஸ் பிரிவில் முன்னுரிமைப் பரிசீலனை உண்டு. எல்லாக் காலேஜும் அதில் இல்லை. பக்கத்தில் இரண்டு காலேஜ் இருந்து ஒன்றில் மட்டும் அது இருந்தால், எந்தக் காலேஜில் சேர்வது என்பதை அதுவே முடிவு செய்துவிடலாம்.

கால்-கெட்சி: மூன்று வழிக்கும் பொதுவானது

2025 இலையுதிர் செமஸ்டரிலிருந்து சேர்கிறவர்களுக்கு யூசி, சிஎஸ்யூ இரண்டுக்கும் ஒரே பொதுப்பாடத் திட்டம். பெயர் கால்-கெட்சி. முன்பு ஐ-கெட்சி என்று ஒன்று, சிஎஸ்யூவுக்குத் தனியாக ஒன்று என இரண்டு இருந்தன. அண்ணனோ அக்காவோ பழைய தாளை எடுத்துக் கொடுத்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள், அது உங்களுக்குப் பொருந்தாது. புதியதில் 11 வகுப்பு, 34 யூனிட்: ஆங்கில எழுத்து, விமர்சனச் சிந்தனை, பேச்சு, கணிதம், கலை ஒன்று, ஹியூமானிட்டீஸ் ஒன்று, சமூக அறிவியல் இரண்டு, வானியல், நிலவியல் போன்ற பௌதிக அறிவியல் ஒன்று, உயிரியல் சார்ந்தது ஒன்று, அவற்றில் ஒன்றுக்கு லேப், இன ஆய்வு ஒன்று. ஒவ்வொன்றிலும் குறைந்தது சி வாங்க வேண்டும். சி மைனஸ் போதாது. உயர்நிலைப் பள்ளியில் எழுதும் ஏபி தேர்வில் 3 வாங்கியிருந்தால் பல இடங்களை நிரப்பிக்கொள்ளலாம். விமர்சனச் சிந்தனைக்கும் பேச்சுக்கும் வகுப்பில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

பழைய ஐ-கெட்சியில் யூசிக்குப் போகிறவர்களுக்கு வேற்றுமொழி விதி இருந்தது, கலை-ஹியூமானிட்டீஸ் மூன்று வகுப்பு இருந்தது. புதியதில் மொழி இல்லை. கலை-ஹியூமானிட்டீஸ் இரண்டாகக் குறைந்துவிட்டது. எஞ்சினியரிங் பிள்ளைகளுக்கு நிம்மதி. நம் கலைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

மிச்சமிருக்கும் யூனிட்களை என்ன செய்வது

கணினி அறிவியலுக்குப் போகிற பிள்ளையின் இரண்டு வருடம் கால்குலஸ், இயற்பியல், புரோகிராமிங் என்று முன்பே நிரம்பிவிடும். யூசிக்கு ஒரு வரிசை, சிஎஸ்யூவுக்கு ஒரு வரிசை என்று பிரிந்துபோகும். இரண்டையும் பிடிப்பது கஷ்டம். கலைப் பாடத்தில் அப்படி இல்லை. ஆங்கிலமோ வரலாறோ எடுத்தால் முன்வகுப்புகள் ஐந்தாறுதான். அவற்றில் ஒன்றிரண்டு கால்-கெட்சியிலும் கணக்காகிவிடும்: விமர்சனச் சிந்தனை வகுப்பு ஆங்கில ஏஏ-டியிலும் உண்டு, இலக்கிய வகுப்பு ஹியூமானிட்டீஸ் கட்டத்தையும் நிரப்பும். 34-ஐயும் 18-ஐயும் கூட்டி, இரண்டு முறை எண்ணிய ஆறைக் கழித்தால் 46. அறுபதுக்கு இன்னும் 14 யூனிட் மிச்சம்.

ஆகவே கலைப் பாடத்தில் ஏஏ-டியா, யூசியா என்று ஒன்றைத் துறக்க வேண்டிய கட்டாயமே அநேகமாக வராது. இரண்டும் ஒரே திட்டத்துக்குள் அடங்கும். யூசி துறை கேட்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதன்மேல் ஏஏ-டியைப் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வகுப்புதான் கூடுதலாகத் தேவைப்படும். யூசி கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் சிஎஸ்யூ உத்தரவாதம் கையில் இருக்கிறது. உண்மையான முடிவு அந்த 14 யூனிட்டில்தான். லிபரல் ஆர்ட்ஸ் வழியில் போகிறவர்கள் அதை மட்பாண்டத்திலும் போட்டோகிராஃபியிலும் தூவிவிடுகிறார்கள். என் கருத்து, அதை மொழிக்குக் கொடுங்கள்.

நான் சொன்ன பொறி இதுதான். கால்-கெட்சியிலிருந்து வேற்றுமொழி போய்விட்டதே தவிர, யுனிவர்சிட்டித் துறைகளிலிருந்து போகவில்லை. ஒப்பிலக்கியம், கலை வரலாறு போன்ற மேஜர்கள் மொழி கேட்கும். பெர்க்லி, யூசிஎல்ஏ போன்ற இடங்களில் கல்லூரி அளவிலேயே ஒரு மொழி விதி இருக்கிறது. கால்-கெட்சி முடித்து வருபவருக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை அந்த வளாகத்திடமே கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷோ பிரெஞ்சோ இரண்டு செமஸ்டர் என்றால் காலேஜில் பத்து யூனிட், 460 டாலர். உயர்நிலைப் பள்ளியிலேயே மூன்று வருடம் ஒரு மொழி படித்திருந்தால் பல இடங்களில் அதுவே போதும். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்ததற்கு உயர்நிலைப் பள்ளி கிரெடிட் தரும் பள்ளி மாவட்டங்கள் உண்டு. அந்த கிரெடிட் டிரான்ஸ்கிரிப்டில் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அழுதுகொண்டே போனதற்கு ஒரு பலனாவது இருக்கட்டும்.

தமிழ் பற்றிப் பேசும்போது பெர்க்லியையும் சொல்ல வேண்டும். அங்கே தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுத் துறையில் தமிழ் கற்பிக்கிறார்கள். சங்க இலக்கியத்தை மொழிபெயர்த்தவரும் 2015-ல் பத்மஸ்ரீ பெற்றவருமான ஜார்ஜ் ஹார்ட் தமிழ்ப் பேராசிரியராக இருந்த துறை அது. இலக்கியத்தில் நாட்டம் உள்ள தமிழ்ப் பிள்ளை அதை ஒரு மேஜராகவே எண்ணிப் பார்க்கலாம். கம்யூனிட்டி காலேஜிலிருந்து போகிறவருக்கு முன்வகுப்புச் சுமை குறைவு என்பதும் ஒரு வசதி.

இரண்டு வருடம், கிட்டத்தில் பார்த்தால்

ஃப்ரீமான்ட்டில் பள்ளி முடித்து ஓலோனி காலேஜில் சேரும் ஒரு பெண், ஆங்கில இலக்கியம் மேஜர், யூசி முதலில், சிஎஸ்யூ துணைக்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் இலையுதிர் செமஸ்டர்: ஆங்கில எழுத்து, புள்ளியியல், அமெரிக்க வரலாறு, ஸ்பானிஷ் ஒன்று. கிட்டத்தட்ட பதினாறு யூனிட். வசந்தத்தில் விமர்சனச் சிந்தனை, இலக்கிய அறிமுகம், அமெரிக்க அரசு, ஸ்பானிஷ் இரண்டு. இதோடு முப்பது. கோடையில் இன ஆய்வு ஒன்று. செப்டம்பரில் டேக் போட அவளிடம் ஆங்கிலம் இரண்டு, கணிதம், மேஜரில் ஒரு காலடி, எல்லாம் இருக்கிறது. இரண்டாம் இலையுதிரில் பிரிட்டிஷ் இலக்கியம் முதல் பாகம், கலை வரலாறு, லேபுடன் உயிரியல், மேடைப் பேச்சு. நவம்பர் கடைசிக்குள் யூசி, சிஎஸ்யூ விண்ணப்பங்கள். கடைசி வசந்தத்தில் பிரிட்டிஷ் இரண்டாம் பாகம், அமெரிக்க இலக்கியம், வானியலோ நிலவியலோ ஒன்று, படைப்பெழுத்து, கூட ஒரு விருப்பப் பாடம். அறுபதைத் தாண்டிவிடும்.

அமெரிக்க வரலாறும் அமெரிக்க அரசும் அங்கே சும்மா வரவில்லை. சிஎஸ்யூவில் பட்டம் வாங்க அமெரிக்க வரலாறு, அரசியலமைப்பு பற்றிய விதி ஒன்று தனியாக உண்டு. அந்த இரண்டு வகுப்பும் கால்-கெட்சிக் கட்டங்களையும் நிரப்பி, அதையும் முடித்துவிடும். உளவியலும் சமூகவியலும் எடுத்து அந்தக் கட்டங்களை நிரப்பியவர், சிஎஸ்யூ போனபின் இந்த இரண்டையும் கூடுதலாக எடுத்துக்கொண்டிருப்பார்.

இந்தத் திட்டத்தைக் கவிழ்க்கக்கூடியது கணிதமோ உயிரியலோ அல்ல. பிரிட்டிஷ் இலக்கியம் இரண்டாம் பாகம்தான். சின்னக் காலேஜ்களில் சர்வே வகுப்புகள் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், ஆள் சேரவில்லை என்றால் செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் ரத்தாகும். ஆங்கில எழுத்துக்கு இருபது பிரிவு இருக்கும். தத்துவ வரலாற்றுக்கு ஒன்று. அதனால் ஹியூமானிட்டீஸ் பிள்ளைகள் காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது வளாக அழகைவிட, கடந்த இரண்டு மூன்று வருட வகுப்பு அட்டவணையைப் பார்க்க வேண்டும். அது இணையத்திலேயே கிடைக்கும். உங்கள் மேஜர் வகுப்புகள் உண்மையிலேயே நடந்தனவா, எந்த செமஸ்டரில், காலையிலா இரவிலா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ரத்தானால் என்ன செய்வது? பக்கத்துக் காலேஜில் எடுக்கலாம். ஓலோனியில் இல்லையென்றால் சாபோ, மிஷன், டி ஆன்சா என்று நாலா பக்கமும் இருக்கின்றன; ஆன்லைனிலும் பிற காலேஜ் வகுப்பில் சேர ஏற்பாடு இருக்கிறது. ஆனால் எந்த வகுப்பு எதற்குச் சமம் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனி ஒப்பந்தம். ஒரு காலேஜில் எடுத்த வகுப்பு யூசி டேவிஸில் எதற்குச் சமம் என்பது, அதே பெயரில் இன்னொரு காலேஜில் எடுத்ததற்கும் அப்படியே பொருந்தும் என்று நினைக்கக்கூடாது. 2025 முதல் ஆங்கில எழுத்து, புள்ளியியல், உளவியல் அறிமுகம் போன்ற சில வகுப்புகளுக்கு மாநிலம் முழுக்க ஒரே எண் வந்துவிட்டதால் அவற்றில் குழப்பம் குறைவு. இலக்கிய சர்வேக்கு அசிஸ்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறை, மேலே சொன்ன மற்றவை செமஸ்டர். பாதி அங்கே, பாதி இங்கே என்றால் யூனிட் கணக்கு இடிக்கும், தேதிகளும் இடிக்கும். இரண்டு பாக வகுப்பை இரண்டு முறைகளுக்கிடையே பிரித்து எடுக்காமல் இருப்பதே நல்லது.

பாடத் தேர்வில் ஆலோசனை சொல்லும் காலேஜ் கவுன்சிலர்கள் உதவுவார்கள். ஆனால் ஒரு கவுன்சிலருக்கு எத்தனையோ மாணவர்கள், அரை மணி நேரச் சந்திப்பு. 'நான் என்ன எடுக்கணும்?' என்று வெறுங்கையோடு போனால் பொதுவான தாள் ஒன்று கிடைக்கும். அசிஸ்ட்டில் மூன்று வளாகத்தின் தாளை அச்செடுத்து, பொதுவான வகுப்புகளை வட்டமிட்டுக்கொண்டு போய், 'இந்த ஏஏ-டிக்கு இதில் எது குறைகிறது?' என்று கேட்டால் அந்த அரை மணியில் எஜுகேஷன் பிளானே முடிந்துவிடும். எடுத்த ஒவ்வொரு வகுப்பின் சிலபஸையும் சேமித்து வையுங்கள். வெளிமாநிலத்துக்கோ தனியார் யுனிவர்சிட்டிக்கோ மாறினால் அதைத்தான் கேட்பார்கள். யூஎஸ்சி போன்ற தனியார் இடங்கள் தங்களுக்கென்று ஒரு பொதுப்பாடக் கணக்கு வைத்திருக்கின்றன, கால்-கெட்சியை மொத்தமாக ஏற்பதில்லை. அங்கே போவது உறுதி என்றால் இந்தக் கட்டுரையில் சொன்ன கணக்கே மாறும்.

எச்-4 பிள்ளைகள்

நம் வீடுகளில் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4-ல் இருக்கும் பிள்ளைக்கு 21 வயது ஆனால் அந்த விசா முடியும். கிரீன் கார்டு வரிசை நகராத குடும்பத்தில் பிள்ளை எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். எச்-4-ல் இருக்கும்போது கலிஃபோர்னியாவில் மாநிலவாசிக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். எஃப்-1-க்கு மாறும்போது அந்த வதிவிட நிலை மறுபடி கேள்விக்கு வரலாம். யூசியில் வெளிமாநிலத்தவர் கூடுதலாகக் கட்டுவது வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல். இதை விண்ணப்பம் போடும் முன்பே, போக நினைக்கும் வளாகத்தின் வதிவிட அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள், குடிவரவு வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்தக் குடும்பங்களுக்கு மட்டும் என் பரிந்துரையின் வரிசை மாறும். மற்றவர்களுக்கு யூசியை முன்னிறுத்தி ஏஏ-டியைத் துணைக்கு வை என்பேன். இவர்களுக்கு ஏஏ-டியே முதலில். ஒரு செமஸ்டர் தள்ளிப்போவதன் விலை இவர்களுக்கு மிக அதிகம். ஏஏ-டியின் 60-க்கு 60 என்ற எல்லை அந்தத் தள்ளிப்போதலைத் தடுக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் வகுப்புகள் எடுக்கலாம், யூனிட் கட்டணம் பொதுவாக வாங்கமாட்டார்கள். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் இன ஆய்வும் மேடைப் பேச்சும் முடித்து வந்த பிள்ளைக்கு ஒரு கோடை மிச்சம்.

எந்த வழியில் போனாலும், அசோசியேட் பட்டம் தானாக வந்து சேராது. கடைசி செமஸ்டரில் காலேஜில் பட்டத்துக்கென்று தனியாக விண்ணப்பம் போட வேண்டும், அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. கால்-கெட்சி முடித்ததற்கான சான்றையும் தனியாகக் கேட்டு அனுப்பச் சொல்ல வேண்டும். ஏஏ-டி வழியில் சிஎஸ்யூவுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு, 'இவர் பட்டத்தை முடிக்கப் போகிறார்' என்று காலேஜ் சிஎஸ்யூவுக்கு உறுதி செய்ய வேண்டும். வசந்த செமஸ்டர் தொடங்கும்போதே மூன்று தேதிகளையும் போன் காலண்டரில் போட்டுவிடுங்கள்.